88 சதவீதம் பேர் சம்மதித்தார்கள்... முடிவு தவறாகிப் போனது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களில் செய்து பார்க்கும் வேலைகளுக்கு ஒரு வழக்கமான வரிசை உண்டு. முதலில் ஒரு கடிதம் டைப் செய்து பார்ப்போம். பிறகு வீட்டு வரவு செலவை ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் போடுவோம். குடும்பப் போட்டோக்களை போல்டர் போல்டராகப் பிரித்து வைப்போம். இந்த வரிசையில் இப்போது புதிதாக ஒன்றும் சேர்ந்து கொண்டிருக்கிறது. அதுதான் சர்வே, அதாவது கருத்துக் கணிப்பு.

முன்பெல்லாம் கருத்துக் கணிப்பு என்றால் பெரிய பத்திரிகைகளும் நிறுவனங்களும் மட்டுமே செய்கிற வேலை. இன்று உங்களிடம் ஒரு கூகுள் அக்கவுண்ட் இருந்தால் போதும். கூகுள் ஃபார்ம்ஸ் தளத்தைத் திறந்து, நான்கு கேள்விகளை டைப் செய்து, கிடைக்கும் லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வேலை முடிந்தது. பத்து நிமிடம்கூட ஆகாது. பதில்கள் வர வர, அவற்றை எண்ணிச் சதவீதம் போட்டு வண்ணப் படமாகவும் அதுவே வரைந்து தருகிறது. கல்லூரி புராஜெக்ட், பழைய மாணவர் சந்திப்பு, குடியிருப்போர் சங்கம், சிறு வியாபாரம் என்று எல்லாவற்றுக்கும் இது இலவசமாகக் கிடைக்கிறது.

நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கும் நான் தயாரித்த ஒரு சர்வே, ஒருவருடைய வேலையைப் பறித்தது. ஒரு முதிய தம்பதியை நள்ளிரவில் கேட்டுக்கு முன்னால் தவிக்க விட்டது. அந்த அனுபவத்தைச் சொன்னால், நீங்கள் அடுத்த சர்வே தயாரிக்கும்போது சற்று யோசிப்பீர்கள் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் நடந்தது

சென்னைப் புறநகரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 96 வீடுகள். மாதப் பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போனதால் செலவைக் குறைக்க வழி தேடினார்கள். இரவுக் காவலுக்கு இருந்த வாட்ச்மேனை நிறுத்திவிட்டு, கேமராக்கள் பொருத்தி, கேட்டுக்கு எண் அழுத்தித் திறக்கும் பூட்டு போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. "எல்லார்கிட்டயும் கருத்து கேட்டுடலாம். தம்பி, நீங்க கம்ப்யூட்டர் ஆள்தானே, ஒரு சர்வே பண்ணிக் குடுங்களேன்" என்று சங்கத்தின் செயலாளர் என்னிடம் கேட்டார்.

அன்று இரவே தயாரித்துவிட்டேன். முக்கியமான கேள்வி இதுதான்: "நமது குடியிருப்பின் பாதுகாப்பை நவீனமாக்கி, மாதக் கட்டணத்தையும் குறைக்கும் வகையில் கேமராக்கள் பொருத்த நீங்கள் சம்மதிக்கிறீர்களா?" கீழே ஆம், இல்லை என்று இரண்டு பதில்கள். லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஐந்து நாட்களில் 41 பதில்கள் வந்தன. 36 பேர் ஆம் என்றார்கள். 5 பேர் இல்லை என்றார்கள். 88 சதவீதம் ஆதரவு! பச்சையும் சிவப்புமாக வட்டப் படத்தைப் பெரிதாக பிரிண்ட் எடுத்துக் கூட்டத்தில் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. அந்த மாதக் கடைசியில் வாட்ச்மேன் தன் டார்ச் விளக்கை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்.

ஆறு வாரம் கழித்து ஓர் இரவு. மூன்றாவது மாடியில் இருக்கும் பெரியவருக்கு மூச்சுத் திணறல். அவர் மனைவி ஆட்டோ பிடிக்கக் கீழே ஓடி வந்தார். கேட்டின் எண் அவருக்கு நினைவில்லை. போன் மாடியில் இருந்தது. முன்பெல்லாம் இது போன்ற நேரங்களில் வாட்ச்மேனே ஓடிப்போய் ஆட்டோவை அழைத்து வந்துவிடுவார். அன்று இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஒருவர் வீடு திரும்பும் வரை, ஏறத்தாழ 20 நிமிடம் அந்த அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நல்லவேளை, பெரியவர் பிழைத்துக்கொண்டார். அந்த 20 நிமிடத்தையும் எங்கள் புதிய கேமரா மிகத் தெளிவாகப் பதிவு செய்து வைத்திருந்தது.

மறுநாள் பார்க்கப் போனபோது அந்த அம்மா கோபப்படவில்லை. "எங்கிட்ட யாரும் கேக்கலையேப்பா" என்று மட்டும் சொன்னார். அவர்கள் வீட்டில் இருந்தது பட்டன் போன். வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் இல்லவே இல்லை.

என் சர்வே சொன்னதும் சொல்லாததும்

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்து, என் சர்வேயை முதல் முறையாக ஒழுங்காகப் படித்துப் பார்த்தேன். பொறியியல் படிப்பில் நிகழ்தகவு, புள்ளியியல் என்று ஒரு தாள் எழுதித் தேறியவன் நான். அதில் படித்த ஒன்றைக்கூட இங்கே பயன்படுத்தவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

முதலாவது, 88 சதவீதம் என்பது எதில் 88 சதவீதம்? பதில் சொன்ன 41 பேரில். மொத்த வீடுகள் 96. பதில் சொல்லாத 55 வீடுகளும் வேண்டாம் என்று நினைத்திருந்தால் உண்மையான ஆதரவு 96இல் 36, அதாவது 37 சதவீதத்துக்குச் சற்று அதிகம். அந்த 55 பேரும் வேண்டும் என்று நினைத்திருந்தால் ஆதரவு 95 சதவீதம். ஆக, என் சர்வே உண்மையில் சொன்னது, "ஆதரவு 37க்கும் 95க்கும் இடையில் எங்கோ இருக்கிறது" என்பதை மட்டும்தான். இதைச் சொல்ல சர்வேயே தேவையில்லையே! அதிலும் ஒரு வீட்டுக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாட்டை நான் வைக்கவில்லை. சில வீடுகளில் கணவனும் மனைவியும் தனித்தனியே பதில் போட்டிருந்தார்கள். 41 பதில்கள் என்பது 41 வீடுகள்கூட இல்லை.

இரண்டாவது, என் கேள்வி. அதை மறுபடியும் படித்துப் பாருங்கள். அதில் "வாட்ச்மேன்" என்ற சொல்லே இல்லை. கேமரா வேண்டுமா என்று கேட்டேன். வாட்ச்மேன் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். போதாக்குறைக்கு "நவீனமாக்கி", "கட்டணத்தையும் குறைக்கும்" என்று இனிப்பு தடவியிருந்தேன். கட்டணம் குறைவதை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இந்தத் தவறுகளைச் செய்த முதல் ஆள் நான் இல்லை என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல். இதே தவறுகளை உலகப் பெரும் நிறுவனங்கள் செய்து சூடுபட்டிருக்கின்றன.

24 லட்சம் பேர் சொன்னதும் பொய்யானது

அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்று ஒரு புகழ்பெற்ற வார இதழ் இருந்தது. பல அதிபர் தேர்தல்களின் முடிவை முன்கூட்டியே சரியாகச் சொல்லிப் பெயர் வாங்கிய இதழ். 1936ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. சுமார் 24 லட்சம் சீட்டுகள் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்துவிட்டு, லாண்டன் 57 சதவீதம் வாங்கி ஜெயிப்பார் என்று அறிவித்தது. நடந்தது வேறு. ரூஸ்வெல்ட் 61 சதவீதத்துக்கு அருகில் வாங்கி, அன்றிருந்த 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். 1938இல் அந்த இதழே நின்றுபோனது.

அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்பவர் சுமார் 50,000 பேரை மட்டும் வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட்தான் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார். 24 லட்சம் தோற்று, 50,000 ஜெயித்தது எப்படி?

டைஜஸ்ட் இதழ் முகவரிகளை டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்தது. பொருளாதாரம் நொடித்துப் போயிருந்த அந்தக் காலத்தில் டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். ரூஸ்வெல்ட்டுக்கு ஓட்டுப் போட்ட ஏழைகள் அந்தப் பட்டியலில் குறைவு. எங்கள் வாட்ஸ்அப் குழுவும் இதேதான், பெயர்தான் வேறு.

பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடும். ஆனால் பெவரில் ஸ்குயர் என்ற அரசியல் ஆய்வாளர், 1937இல் கேலப் எடுத்திருந்த ஒரு கணிப்பின் தகவல்களை ஆராய்ந்து 1988இல் இன்னொன்றையும் காட்டினார். பட்டியலில் கோளாறு இருந்தது உண்மைதான். ஆனால் சீட்டு அனுப்பப்பட்ட அத்தனை பேரும் பதில் போட்டிருந்தால், ஜெயிப்பவர் யார் என்பதையாவது அந்த இதழ் சரியாகச் சொல்லியிருக்கும். அதாவது கேட்கப்படாதவர்களைப் போலவே, கேட்டும் பதில் சொல்லாதவர்களும் முடிவை மாற்றிவிடுகிறார்கள். ஒரு விஷயத்தில் ஆத்திரமோ ஆர்வமோ உள்ளவர்கள்தாம் உடனே பதில் போடுவார்கள். மற்றவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அது தபால் காலம், இப்போது நம்மிடம்தான் இணையம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். 2021இல் அமெரிக்காவில் எத்தனை பேர் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள் என்று அறிய, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டெல்ஃபி குழு ஃபேஸ்புக் மூலம் வாராவாரம் ஏறத்தாழ 2,50,000 பேரிடம் பதில் வாங்கியது. அதே நேரத்தில் ஆக்ஸியோஸ் - இப்சாஸ் என்ற கணிப்பு வாரத்துக்குச் சுமார் 1,000 பேரை மட்டுமே கேட்டது. இரண்டையும் அரசின் உண்மைக் கணக்கோடு ஒப்பிட்ட ஆய்வு 2021 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளிவந்தது. 2021 மே மாத நிலவரப்படி, இரண்டரை லட்சம் பேர் கொண்ட கணிப்பு உண்மையைவிட 17 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகக் காட்டியிருந்தது. 1,000 பேர் கணிப்போ உண்மையை ஒட்டியே இருந்தது. அந்தச் சிறிய கணிப்புக்கு ஆட்களை முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்திருந்தார்கள். இணைய வசதி இல்லாத வீடுகளுக்கு டேப்லட்டும் இணைய இணைப்பும் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். பட்டன் போன் வீடுகளை அவர்கள் விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்

கொஞ்சம் பேரைக் கேட்டு எல்லாரையும் அறிய முடியுமா என்று சிலர் சந்தேகப்படுவார்கள். முடியும். "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் வீடுகளில் சொல்வதும் இதைத்தானே? ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பானை நன்றாகக் கிளறப்பட்டிருக்க வேண்டும். மேலாக இருக்கும் சோற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் அடியில் பிடித்திருப்பது தெரியாது. புள்ளியியலில் இந்தக் கிளறும் வேலையைச் செய்வது குலுக்கல். யாரைக் கேட்பது என்பதை நம் வசதியோ, அவர்கள் ஆர்வமோ தீர்மானிக்கக் கூடாது. குலுக்கல் தீர்மானிக்க வேண்டும்.

நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் பி.சி. மகாலனோபிஸ். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். வங்காளத்தில் சணல் எவ்வளவு பயிரிடப்படுகிறது என்பதை, எல்லா வயல்களையும் அளக்காமல், குலுக்கலில் எடுத்த சில இடங்களை மட்டும் அளந்து கணக்கிட்டார். பெரிய சர்வேக்கு முன் சிறியதாக ஒரு முன்னோட்டம் நடத்திப் பார்ப்பது அவருடைய வழக்கம். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கும் அவரே வழிகாட்டி.

வீட்டுக் கம்ப்யூட்டரில் குலுக்கல் போடுவது எளிது. எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து, முதல் காலத்தில் எல்லா வீட்டு எண்களையும் டைப் செய்திடுங்கள். அடுத்த காலத்தில் ராண்ட் என்னும் ஃபங்ஷனைக் கொடுத்துக் கீழ் வரை இழுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ஒரு தற்செயலான எண் வரும். ஷீட்டில் எதை மாற்றினாலும் இந்த எண்களும் மாறிவிடும் என்பதால், அவற்றைக் காப்பி செய்து அதே இடத்தில் மதிப்புகளாக மட்டும் பேஸ்ட் செய்துகொள்ளுங்கள். பிறகு அந்தக் காலத்தின்படி வரிசைப்படுத்தி, மேலே வரும் 30 வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 30 வீடுகளுக்கும் கட்டாயம் நேரில் போக வேண்டும். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்டுவிட்டு வரக் கூடாது. மறுநாள் அதே வீட்டுக்குப் போக வேண்டும்.

எத்தனை பேரைக் கேட்டால் போதும்? நினைவில் வைக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒன்றை, கேட்ட ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பிழையின் அளவு தோராயமாகக் கிடைக்கும். 100 பேர் என்றால் கூடுதலாகவோ குறைவாகவோ 10 சதவீதம். 400 பேர் என்றால் 5 சதவீதம். 1,000 பேர் என்றால் சுமார் 3 சதவீதம். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் தேவை என்பது இதிலிருந்து தெரிகிறது. 52க்கு 48 என்று வந்த முடிவை 400 பேரை வைத்து "வெற்றி" என்று அறிவிக்க முடியாது என்பதும் தெரிகிறது. ஆனால் இந்தக் கணக்கு குலுக்கலில் எடுத்த ஆட்களுக்குத்தான் பொருந்தும். வந்தவரை லாபம் என்று வாங்கிய பதில்களுக்கு இதைப் போட்டுப் பார்ப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

கேள்வியிலேயே பதில் ஒளிந்திருக்கலாம்

சரியான ஆட்களைப் பிடித்தாலும், கேள்வி தவறானால் எல்லாம் வீண். 1941இல் டொனால்ட் ரக் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட சோதனை ஒன்றைப் பாருங்கள். ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளை "அனுமதிக்க வேண்டுமா" என்று ஒரு பகுதியினரிடம் கேட்டார்கள். அவற்றைத் "தடை செய்ய வேண்டுமா" என்று இன்னொரு பகுதியினரிடம் கேட்டார்கள். கருத்துச் சொன்னவர்களில் 75 சதவீதம் பேர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள். ஆனால் தடை செய்ய வேண்டும் என்றவர்கள் 54 சதவீதம்தான். இரண்டும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் "தடை" என்ற சொல்லின் கடுமை பலரைப் பின்வாங்கச் செய்துவிட்டது.

இதைவிட விபரீதம் 1992இல் நடந்தது. நாஜிக்கள் யூதர்களை அழித்தொழித்த கொடுமை பற்றி ரோப்பர் நிறுவனம் அமெரிக்கர்களிடம் ஒரு கேள்வி கேட்டது. அது நடக்கவே இல்லை என்பது சாத்தியமாகத் தோன்றுகிறதா, சாத்தியமற்றதாகத் தோன்றுகிறதா என்பது அதன் சாரம். 22 சதவீதம் பேர் சாத்தியம் என்று சொன்னதாக முடிவு வந்தபோது பெரும் அதிர்ச்சி. "நடக்கவே இல்லை", "சாத்தியமற்றது" என்று இரண்டு எதிர்மறைகள் சேர்ந்து பதில் சொன்னவர்களைக் குழப்பியிருந்தன. 1994இல் கேள்வியைத் தெளிவாக்கி மறுபடியும் கேட்டபோது, சாத்தியம் என்றவர்கள் ஒரு சதவீதம்தான். மக்கள் மாறிவிடவில்லை, கேள்விதான் மாறியது.

எனவே ஃபார்மில் கேள்வி எழுதும்போது கீழ்க்காணும் விஷயங்களைக் கவனித்திடுங்கள்.

முதலில், இந்த சர்வேயை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறோம் என்று ஒரு வரியில் எழுதி வையுங்கள். அந்த முடிவு அதே சொற்களில் கேள்வியில் இருக்க வேண்டும். நான் செய்யாமல் விட்ட முதல் வேலை இதுதான்.

ஒரு கேள்வியில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். "ஹோட்டலில் சாப்பாடும் கவனிப்பும் திருப்தியா?" என்றால், சாப்பாடு பிடித்து கவனிப்பு பிடிக்காதவர் என்ன சொல்வார்?

புகழும் சொற்களையும் பயமுறுத்தும் சொற்களையும் நீக்குங்கள். நன்மையைச் சொன்னால் இழப்பையும் சொல்லுங்கள்.

"தெரியாது", "கருத்து இல்லை" என்ற பதில்களுக்கும் இடம் கொடுங்கள். இல்லாவிட்டால் ஏதோ ஒன்றை கிளிக் செய்துவிட்டுப் போவார்கள்.

பதில்களின் பட்டியல் நீளமாக இருந்தால், கூகுள் ஃபார்ம்ஸில் உள்ள ஷஃபிள் ஆப்ஷன் ஆர்டர் என்ற வசதியை இயக்குங்கள். மேலே இருக்கும் பதிலுக்கு வீணாகக் கூடுதல் கிளிக் விழுவது இதனால் குறையும்.

லிங்க்கை அனுப்பும் முன் நான்கைந்து பேரை, அதில் ஒருவர் வயதானவராக, உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக் கேள்விகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்களோ அந்த இடத்தைத் திருத்துங்கள். மகாலனோபிஸ் செய்த முன்னோட்டத்தின் வீட்டு வடிவம் இது.

முடிவைப் படிக்கும்போது

நாம் சர்வே தயாரிப்பதைவிட, மற்றவர்கள் எடுத்த சர்வேயைப் படிப்பதுதான் அதிகம். "10இல் 9 பேர் பரிந்துரைக்கிறார்கள்" என்ற விளம்பரமோ, தேர்தல் கணிப்போ, எதைப் பார்த்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். எத்தனை பேரைக் கேட்டார்கள்? அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? எத்தனை பேர் பதில் சொல்லவில்லை? கேள்வியின் சரியான வாசகம் என்ன? இவற்றுக்குப் பதில் தராத கணிப்பை நம்பி நான் ஒரு மவுஸ்கூட வாங்க மாட்டேன்.

இன்னொன்று, சொன்ன பதிலிலிருந்து சொல்லாத முடிவுக்குத் தாவக் கூடாது. 2024 மக்களவைத் தேர்தல் முடிந்ததும் வந்த எக்ஸிட் போல்களில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கொடுத்தன. கிடைத்ததோ 293. வாக்காளரைக் கேட்டால் தெரியக் கூடியது வாக்கு சதவீதம். அதை இடங்களாக மாற்றுவது தனியான இரண்டாவது கணக்கு. நம் தேர்தல் முறையில் வாக்கில் சிறு மாற்றம் வந்தாலும் இடங்களில் பெரிய மாற்றம் வந்துவிடும். கேமராவுக்குச் சம்மதம் என்பதை வாட்ச்மேன் வேண்டாம் என்று நான் மாற்றியதும் இப்படி ஒரு தாவல்தான்.

லிங்க் மட்டும் போதுமா?

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் போடப்படும் லிங்க் சர்வே ஆகாது. அது ஒரு யோசனைப் பெட்டி. புதிய யோசனைகளைச் சேகரிக்க, சுற்றுலாவுக்கு எந்த ஊர் என்று கேட்க அது போதும். ஆனால் ஒருவருடைய வேலை, பணம், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட முடிவுகளை அதன் சதவீதத்தை வைத்து எடுக்கக் கூடாது. "இந்தக் காலத்தில் யாரிடம் ஸ்மார்ட் போன் இல்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை அவர்கள் கேட்பதும் வாட்ஸ்அப் குழுவில்தான். அங்கே இல்லாதவர்கள் எப்படிப் பதில் சொல்வார்கள்?

எங்கள் குடியிருப்பில் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, செயலாளரின் சம்மதத்தோடு, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு நானே வீடு வீடாகப் போனேன். கேள்வி ஒன்றுதான்: "இரவு வாட்ச்மேன் வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால் இப்போதைய கட்டணத்தைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்." நான்கு மாலைகள் ஆயிற்று. 83 வீடுகளில் பதில் கிடைத்தது. வேண்டும் என்றவர்கள் 58. வேண்டாம் என்றவர்கள் 19. கருத்து இல்லை என்றவர்கள் 6. பார்க்க முடியாமல் போன 13 வீடுகளும் வேண்டாம் என்று சொன்னாலும், 96இல் 58 என்பது 60 சதவீதம். இந்த முறை மௌனமாக இருந்தவர்களால் முடிவு மாறாது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

குலுக்கலில் எடுத்த 30 வீடுகளை மட்டும் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால்கூட, கூடுதலாகவோ குறைவாகவோ 15 சதவீதப் பிழையோடு இதே திசையைக் காட்டியிருக்கும். ஒரே ஒரு மாலை நேர வேலை அது.

சங்கம் மறுபடியும் இரவு வாட்ச்மேன் வைக்கத் தீர்மானித்தது. பழையவரைத் தேடினோம். அவர் வேறொரு இடத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டிருந்தார். முதல் மாதம் ஆவதற்குள் அதை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார். இப்போது இருப்பவர் வேறு ஒருவர்.

உங்கள் கம்ப்யூட்டர் நொடியில் சதவீதம் போட்டுக் கொடுக்கும்; வட்டப் படத்தை அழகாக வரைந்து கொடுக்கும். யாரைக் கேட்காமல் விட்டீர்கள் என்பதை மட்டும் அது சொல்லாது. அதை அறிய, மூன்றாவது மாடி வரை நீங்கள்தான் ஏறிப் போக வேண்டும்.